நடுக்கதவுக்கு அந்தப் பக்கம்

ஏப்ரல் 27, வியாழன்

அடுத்த போர்ஷனுக்கு ஒரு பெண்பிள்ளை வந்து இறங்கியிருக்கிறாள். இரண்டு பைகள், ஓர் ஓலைப்பெட்டி, உரத்த குரல். மாமியாராம். பெயர் முப்பிடாதி. குடியிருப்பவர்கள் புதிதாக ஆள் சேர்ப்பதென்றால் வீட்டுக்காரியிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்பது இவர்களுக்குத் தெரியவில்லை.

என் கணவர் இறந்த பிறகு வீட்டை இரண்டாகத் தடுத்ததே எனக்கு விருப்பமில்லாத காரியம். ஆனால் அத்தனை அறைகளையும் ஒருத்தி பெருக்கித் துடைக்க முடியாது. சுவர் எழுப்பிய கொத்தனார் என் சாப்பாட்டு அறைக்கும் அவர்கள் படுக்கை அறைக்கும் நடுவில் இருந்த தேக்குக் கதவை மட்டும் விட்டுவிட்டார். இரண்டு பக்கமும் தாழ்ப்பாள். என் பக்கத்துத் தாழ்ப்பாளை நான் இதுவரை திறந்ததில்லை. படுக்கப் போகுமுன் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

அங்கே குடியிருக்கும் சுடலைக்கண்ணு காற்றாலைக் கம்பெனியில் மெக்கானிக். முப்பந்தல் பக்கம் தங்கியிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறான். மனைவி உலகேஸ்வரிக்கு எட்டாம் மாதம் முடியப்போகிறது. முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போவதுதானே இவர்கள் வழக்கம்? ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

"அம்மை இல்லல்லா ஆச்சி" என்றாள்.

அம்மா இல்லாவிட்டால் சித்தி, பெரியம்மா என்று ஒருவர்கூடவா இருக்க மாட்டார்கள்? வீட்டை எதிர்த்துக் கட்டிக்கொண்டவர்களாக இருக்கலாம். வாடகைக்கு வந்தபோது இதையெல்லாம் சொல்லவில்லை. என்னை மிஸஸ் தனராஜ் என்று கூப்பிட வேண்டும் என்று பலமுறை திருத்திவிட்டேன். "சரி ஆச்சி" என்கிறாள்.

ஏப்ரல் 29, சனி

பின்கட்டுக் குழாய் இரண்டு போர்ஷனுக்கும் பொது. நான் வாளியோடு அங்கே போனதும் முப்பிடாதி எழுந்து அவர்கள் கதவைச் சாத்தினாள். காலையில் சாத்தினாள். மாலையிலும் சாத்தினாள். உள்ளே எதையோ மறைக்கிறார்கள்.

ஏப்ரல் 30, ஞாயிறு

ஆராதனை முடிந்து வரும்போது உலகேஸ்வரி வாசலில் உட்கார்ந்து மாமியாரோடு சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முப்பிடாதி உள்ளே ஓடிப்போய் மைச்சிமிழை எடுத்துவந்து மருமகளின் கன்னத்தில் ஒரு கரும்பொட்டு வைத்தாள். அதன் பிறகுதான் "வாங்கம்மா, கோயிலுக்குப் போயிட்டு வாரியளா?" என்று என்னிடம் பேசினாள்.

பொட்டு கோணலாக இருந்தது. எதிலும் நேர்த்தி கிடையாது.

மே 1, திங்கள்

நான் ஒட்டுக் கேட்கிறவள் அல்ல. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சர்வீஸ் முழுவதும் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தவளுக்குச் சத்தம் தானாக வந்து விழும். கான்வென்டில் மதர் பெர்னடெட், காது கடவுள் கொடுத்தது, வாய்க்குத்தான் பூட்டு வேண்டும் என்பார்கள்.

இன்று விழுந்தது இது. வாசலில் பூக்காரி உலகேஸ்வரியிடம் மாதம் கேட்டாள். வைகாசிக் கடைசி என்று பதில் வந்தது.

"நல்லவேளை. தலைச்சன் சித்திரையில விழுந்துறக் கூடாதும்மா. அப்பனுக்கு ஆகாது. எங்க தெருவுல ஒருத்தனுக்கு அப்பிடித்தான் ஆச்சு."

"ஆமா, ஆமா. சித்திரை ஆகவே ஆகாது" என்றாள் முப்பிடாதி.

உலகேஸ்வரி பூவை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இருபத்தோராம் நூற்றாண்டில் வாசற்படியில் நடக்கிற பேச்சு இது. அந்த மாமியாரை நான் கவனித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

மே 4, வியாழன்

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் மதியமே கொதிக்கிறது.

காலையிலிருந்து அந்தப் பக்கம் சீரகம் கொதிக்கிற வாசனை. சின்னப் பாத்திரத்தில் கொதிக்கிற வாசனை இல்லை. சமைத்து விற்கிற தொழில் ஏதாவது தொடங்கிவிட்டார்களோ என்று நேரே போய்க் கேட்டேன்.

"அவளுக்குச் சூட்டு வலிம்மா. அடி வயித்துல இழுத்துப் பிடிக்கின்னா. அதுக்குத்தான் கஷாயம்."

"டாக்டரிடம் கேட்டீர்களா?"

"இதுக்கெல்லாமா கேப்பாக? சீரகக் கஷாயம் குடிச்சு வலி நின்னுட்டுன்னா அது சூடு. நிக்காம ஏறிச்சுன்னா அதுதான் பிள்ளை வலி. அப்பம் ஆசுபத்திரிக்குப் போவணும். எங்க ஊருல எல்லாருக்கும் இதுதான் கணக்கு."

சீரகத்துக்கு மாதக் கணக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

மாலையில் "நின்னுட்டாட்டி?" என்று மாமியார் கேட்பதும், "நின்னுட்டு அத்தை" என்று மருமகள் சொல்வதும் கேட்டது. தொப்புளைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவுகிறாளாம். என் சுவர்களில் எண்ணெய்க் கை படாமல் இருந்தால் சரி.

மே 6, சனி

விஷயம் இப்போது தெளிவாகிறது. எழுதி வைக்கிறேன்.

துணி காயப்போடப் போகும்போது அவர்கள் ஜன்னல் திறந்திருந்தது. கட்டிலுக்கு அடியில் ஒரு நீலப் பை, ஜிப் மூட முடியாத அளவுக்கு அடைத்து, சுவரோரம் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. பழைய சேலையால் மூடியிருக்கிறார்கள். வீட்டில் இருக்கிறவர்கள் எதற்குப் பையை அடைத்து மறைத்து வைக்க வேண்டும்?

அப்புறம் அவள் செல்போனில் பேசியது. முப்பிடாதி ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்தி. யாரோ தோழி, செல்வி என்று பெயர்.

"அத்தைக்குத் தெரியாண்டாம் செல்வி. தெரிஞ்சா ஒடனே கூட்டிட்டுப் போயிருவாக... இல்லட்டி, பதினஞ்சாம் தேதி வரைக்கும் எப்பிடியும் இழுத்துப் பிடிச்சிருவேன்... ஒனக்கும் அப்பிடித்தான் இருந்துச்சா? இடுப்புலயா?... சரி, வையி, வாராக."

பதினைந்தாம் தேதி. அன்றைக்கு இந்தப் பெண் பையைத் தூக்கிக்கொண்டு எங்கோ புறப்படப் போகிறாள். மாமியாருக்குத் தெரியாது. புருஷனுக்கும் தெரியாதாக இருக்கும். இந்த நிலையில் ஓடிப்போகிற அளவுக்கு மாமியார் என்ன செய்கிறாளோ? பட்டினி போடுகிறாளா? கஷாயத்தில் என்ன கலக்கிறாள்?

போலீஸ் என் வாசலில் வந்து நின்றால் நான் என்ன சொல்வது?

மே 7, ஞாயிறு

சுடலைக்கண்ணு வந்தான். என் வீட்டு அழைப்பு மணி வேலை செய்யாததைத் தானாகவே கவனித்து, ஏணி போட்டுச் சரிசெய்துவிட்டுப் போனான். ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. எதற்காகச் செய்தான் என்று யோசிக்கிறேன்.

அவன் ஏணியில் நிற்கும்போது உலகேஸ்வரி கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நாலு படி உயரத்துக்கு.

"விடுட்டி, நான் ஏறுத ஒயரத்துக்கு இது ஏணியா? காத்து சீசன் வருது. இந்த வாரம் பூரா மேலதான் வேலை. உச்சில நின்னா கன்னியாகுமரிக் கடலே தெரியும்" என்றான்.

"பெல்ட்டு போட்டுக்கிடுவியள்லா?"

"போடாம ஏறுனா சூப்பர்வைசர் கொன்னுபோடுவான்."

அவள் சிரிக்கவில்லை. ஏணியையும் விடவில்லை.

மே 9, செவ்வாய்

தண்ணீர்த் தொட்டி மதியத்துக்குள் காலி. காரணம் உலகேஸ்வரி. குளியலறைக்குப் போகிறாள், வருகிறாள், திரும்பவும் போகிறாள். கொடியில் காலையில் இரண்டு உள்பாவாடைகள், மதியம் இன்னும் இரண்டு. உடுத்தி முடிப்பதற்குள் துவைக்கிறாள். கறை என்று ஏதோ சொல்லி, நான் பார்ப்பதற்குள் மறுபக்கம் திருப்பிப் போட்டாள். வெளிறிய சிவப்பு. நான் பார்த்துவிட்டேன்.

"மூச்சு இப்பம் நல்லா விட முடியுது ஆச்சி. முன்ன நெஞ்சை அடைச்சுக்கிட்டு இருந்தது" என்றாள். வயிறு போன வாரத்தைவிடக் கீழே இறங்கினாற்போல் இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவாக்கியத்தில் நிறுத்தி, துவைகல்லைப் பிடித்துக் குனிந்தாள். அப்புறம் விட்ட இடத்திலிருந்து பேசினாள். மரியாதைக் குறைவு. ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் முடித்துவிட்டு நகர வேண்டும்.

என்ன ஏது என்று நான் கேட்டிருக்கலாம். அதற்குள் முப்பிடாதி வந்து அவளை உள்ளே அழைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாள்.

மே 10, புதன்

யாரோ நடுக்கதவைத் திறக்கப் பார்க்கிறார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கதவுக்கு அந்தப் பக்கம் உரசல் சத்தம். அப்புறம் கண்ணாடி வளையல் தாழ்ப்பாளில் படுகிற சத்தம். கதவு ஒருமுறை என் பக்கமாக அழுந்தியது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். சத்தம் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும்.

அடுக்களையில் இருக்கிற மாமியாருக்குக் கேட்காத ஒரே இடம் அந்தக் கதவுதான். அந்தப் பெண் அங்கே வந்து நின்றுகொண்டு என்ன செய்கிறாள்?

வெள்ளிச் சாமான்களைச் சாப்பாட்டு அறை அலமாரியிலிருந்து எடுத்து என் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டேன். கதவுக்கு முட்டுக் கொடுத்து ஒரு நாற்காலியும் போட்டிருக்கிறேன்.

மே 11, வியாழன்

நடந்ததை நடந்த வரிசையில் எழுத வேண்டும். எழுத்து கோணலாக விழுகிறது. மேஜை ஆடுகிறது.

காலையில் அந்தப் பக்கம் மறுபடியும் சீரக வாசனை. "நின்னுட்டா?" "நின்னுட்டு அத்தை." மதியம் முப்பிடாதி முன்னறையில் டிவியைச் சத்தமாக வைத்துவிட்டுத் தூங்கிவிட்டாள். குறட்டை டிவியை மீறிக் கேட்டது.

நான் நடுக்கதவுக்கு முட்டுக் கொடுத்த நாற்காலியில், அவருடைய கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு.

சத்தம் வந்தது. வளையல்கள் தாழ்ப்பாளில் மோதின. கதவு என் முதுகில் அழுந்தியது. நீளமாக ஒரு மூச்சு. பிறகு நின்றது. நான் காத்திருந்தேன். மறுபடியும் வந்தது. நின்றது. மறுபடியும்.

எப்போது என் விரல் மேஜை விளிம்பை அழுத்த ஆரம்பித்தது என்று தெரியவில்லை. டிரங்க் போர்டில் வெளியூருக்கு ஒரு கால் போட்டுக் கொடுத்தால் மூன்று நிமிடம் முடிந்ததும் விசையை அழுத்தி, நேரம் ஆகிவிட்டது என்று சொல்ல வேண்டும். எத்தனையோ ஆண்டுகள் அதையே செய்தவள். இன்றும் முட்டை அவிக்க நான் கடிகாரம் பார்ப்பதில்லை. விரல் தானாக எண்ணிவிடும். இன்று எண்ணியது. இரண்டு கால் போகிற நேரம், அப்புறம் வளையல். இரண்டு கால், வளையல். பிறகு இரண்டுகூட முழுதாக முடியவில்லை.

திருடனுக்கு இந்த நேரம் தவறாமை கிடையாது.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "யாரது? உலகேஸ்வரியா?"

கதவைத் தட்டினேன்.

"உலகேஸ்வரி!"

"ஒண்ணுமில்ல ஆச்சி." மழைக்காலத்தில் தூரத்து ஊரிலிருந்து லைனில் வருகிற குரல் மாதிரி இருந்தது.

"உன் பக்கத்துத் தாழ்ப்பாளை எடு."

"வேண்டாம் ஆச்சி. நான் சும்மாதான் சாஞ்சிருக்கேன்."

"எடு என்கிறேன்."

என் பக்கத்துத் தாழ்ப்பாள் துருவேறி இறுகியிருந்தது. அம்மிக்குழவியை எடுத்துவந்து அடித்தேன். மூன்றாம் அடியில் தாழ்ப்பாளின் கொண்டை பிய்ந்து தரையில் விழுந்தது. அந்தப் பக்கம் தாழ்ப்பாள் மெதுவாக நகர்ந்தது.

கதவுச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது. நைட்டி முழங்காலுக்குக் கீழே நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. தரையில் தண்ணீர்.

"தம்ளர் தண்ணி கொட்டிட்டு ஆச்சி."

"தம்ளர் எங்கே?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். அறையில் தம்ளர் இல்லை.

"எப்போதிருந்து?"

"காலையில இருந்து கொஞ்சங் கொஞ்சமா வந்துக்கிட்டே இருக்கு. இப்பம்தான் நெறைய."

"வலி?"

"முந்தாநாளே இடுப்புல ஆரம்பிச்சிட்டு. விட்டு விட்டு வருது. இப்பம் முன்பக்கமா வந்து இழுக்கு."

"கஷாயம் குடித்தும் நிற்கவில்லை. நின்றுவிட்டது என்று பொய் சொன்னாய்."

தலையாட்டினாள். "நிக்கலைன்னா பிள்ளை வலின்னு அத்தைக்குத் தெரிஞ்சிரும்லா. ஒடனே ஆசுபத்திரின்னு நிப்பாக. இன்னும் நாலு நாள்தான் ஆச்சி. பதினஞ்சாம் தேதி வைகாசி பொறந்துரும். அதுவரைக்கும் படுத்தே கெடந்தா நின்னுரும்னு..." அதற்குள் அடுத்தது வந்துவிட்டது. கதவுச் சட்டத்தில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டாள். முடிந்ததும் சொன்னாள். "அவுக இந்த வாரம் பூரா மேலதான் நிக்காக ஆச்சி. அம்புட்டு ஒயரத்துல. அவுகளுக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா?"

நான் வாதாடவில்லை. கட்டிலுக்கடியிலிருந்து நீலப் பையை இழுத்தேன். மேலே துவைத்து மடித்த பழைய வேட்டித் துண்டுகள், குழந்தைக்கு ஒரு குல்லாய், ஒரு சோப்பு, ஆஸ்பத்திரிக் கார்டு. கார்டின் பின்புறம் பிரசவ வார்டு எண் இருந்தது. என் பக்கம் வந்து என் டெலிபோனில் அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்கள். ஒரு நர்ஸ். குரலில் பதற்றம் கிடையாது. வேலை தெரிந்த குரல்.

"எத்தனை மாசம்மா?"

"முப்பத்தைந்து வாரம் என்று கார்டில் இருக்கிறது."

"தண்ணி உடைஞ்சிருக்கா? என்ன கலர்?"

"நிறம் இல்லை. காலையிலிருந்து வருகிறது. முந்தாநாள் வெளிறிய சிவப்பில் கறை பட்டது."

"வலி எப்பிடி வருது?"

"ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை. இப்போது அதற்கும் குறைவு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நிமிடம் நிற்கிறது."

"கரெக்டா சொல்றீங்களே. நீங்க அவங்க அம்மாவா?"

"ஆமாம்" என்றேன். வீட்டுக்காரி என்று ஆரம்பித்தால் விளக்கம் சொல்லியே நேரம் போகும். லைனில் அவசரமாகப் பேசும்போது தேவையில்லாத விவரத்தைத் தவிர்ப்பது வழக்கம்தான்.

"குழந்தை அசையுதான்னு கேளுங்கம்மா."

கேட்டேன். "காலையில இருந்து கொறைச்சல்தான்" என்றாள் உலகேஸ்வரி. அதை அப்படியே சொன்னேன். மறுமுனையில் குரல் மாறியது. கம்பி வழியாக வருகிற குரல் எப்போது மாறுகிறது என்பது எனக்குத் தெரியும்.

"இப்பவே கூட்டிட்டு வந்துடுங்க. வலி ஏறட்டும்னு பார்த்துக்கிட்டு இருக்கக் கூடாது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. கஷாயம், எண்ணெய்னு எதுவும் கொடுக்காதீங்க. இங்க தயாரா இருக்கோம்." பிறகு கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள். "மாசம் நெறையாம இடுப்புவலி விட்டு விட்டு வந்துச்சுன்னா, கறை பட்டுச்சுன்னா, அன்னைக்கே போன் பண்ணணும்மா. சும்மா சந்தேகம்னாலும் பண்ணலாம். அதுக்குத்தான் நம்பர் போட்டிருக்கோம்."

ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன்.

எனக்கும் இடுப்பில்தான் ஆரம்பித்தது. ஏழாம் மாதம். வாயு என்றார்கள். அப்போது கேட்பதற்கு எண் எதுவும் கிடையாது. இத்தனைக்கும் நான் உட்கார்ந்திருந்தது எக்ஸ்சேஞ்சில். இதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

திரும்பிப் போனபோது உலகேஸ்வரி கட்டிலில் படுக்க மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் வரமாட்டேன் ஆச்சி. நாலே நாள்." நான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகக் கதவிலிருந்து எடுக்கப் பார்த்தேன். காற்றாலையில் ஏறுகிறவனின் மனைவிக்கும் பிடி அப்படித்தான் இருக்கிறது.

சத்தத்தில் முப்பிடாதி எழுந்து வந்தாள். முதலில் அவள் பார்த்தது திறந்திருந்த நடுக்கதவையும், தன் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற என்னையும்தான்.

"நீங்க எப்பிடி உள்ள வந்திய? அவ பக்கத்துல எதுக்கு நிக்கிய? வெலகுங்க!"

இந்தப் பெண்பிள்ளையிடம் சொல்வதற்கு நான் பல நாட்களாகச் சேர்த்து வைத்திருந்தேன். "உங்கள் சித்திரையும் உங்கள் கஷாயமும் செய்த வேலையைப் பாருங்கள்" என்று தரையைக் காட்டினேன். "சித்திரையில் பிறக்கக் கூடாது என்று இரண்டு நாளாக வலியை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். நீங்கள் சொன்னதற்காக."

முப்பிடாதி தரையைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். வாயில் கை வைத்தாள்.

"ஏட்டி! நின்னுட்டுன்னு சொன்னியே! காலையிலகூடக் கேட்டேனே!"

"நீங்கதான அத்தை பூக்காரிகிட்ட... சித்திரை ஆகவே ஆகாதுன்னு..."

"அட கூறுகெட்டவளே! பூக்காரி வாய் ஓயணுமேன்னு ஆமான்னேன். அவ சொல்லுததுக்கெல்லாம் ஆமா போட்டாத்தான் முழம் சரியா அளப்பா." தலையில் அடித்துக்கொண்டாள். "ஒம் புருசன் எப்பம் பொறந்தான்னு தெரியுமாட்டி ஒனக்கு? சித்திரை! நல்ல கத்திரி வெயில்ல, தலைச்சன்! அவுக அப்பாவுக்கு என்ன ஆயிட்டு? எழுவது வயசுல கருவாட்டுல உப்பு கொறைஞ்சிட்டுன்னு தட்டைத் தூக்கி எறியுதாரு!"

உலகேஸ்வரி மாமியாரையே பார்த்தாள். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. கதவைப் பிடித்திருந்த கை தானாக விட்டது. உடனே அடுத்த வலி வந்து முழங்கால் மடங்கியது.

"ஏ அக்கா, அந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க!" என்று முப்பிடாதி கத்தினாள்.

அக்கா என்றாள். திருத்த நேரமில்லை. பிடித்தேன்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்வரை பிடித்திருந்தேன். முப்பிடாதி நீலப் பையோடு ஏறிக்கொண்டாள். அந்த வலியிலும் உலகேஸ்வரி, "அவுகளுக்குச் சொல்லிருங்க ஆச்சி" என்று என்னிடம் சொன்னாள். இரண்டு வீட்டையும் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்க வேண்டும் அல்லவா? நான் இருந்துகொண்டேன்.

அவர்கள் தரையைத் துடைத்துவிட்டேன். பிறகு சுடலைக்கண்ணுவை அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி அழைத்தேன். டிரங்க் காலில் லைன் கிடைக்கும்வரை விடாமல் முயல்வதில் எனக்குப் பழக்கம் உண்டு. பொழுது சாயும் நேரத்தில் எடுத்தான்.

"நீ கீழே இறங்கிவிட்டாயா? அதை முதலில் சொல்."

"எறங்கிட்டேன் ஆச்சி. என்ன விசயம்?"

"தரையில் கால் இருக்கிறதா?"

"இருக்கு ஆச்சி. ஏன்?"

அதன் பிறகுதான் சொன்னேன். சகுனத்துக்காக அல்ல. மேலே நிற்கிறவனிடம் சொன்னால் கை நழுவக்கூடும் என்பதற்காக.

இன்னும் ஒரு செய்தியும் வரவில்லை. டெலிபோனைச் சாப்பாட்டு மேஜைக்கே கொண்டுவந்து வைத்திருக்கிறேன்.

மே 12, வெள்ளி

பெண் குழந்தை. எடை குறைவு. மூச்சுத் திணறல் இருந்ததாம், கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். குழந்தையைச் சுற்றி நீர் வற்றிக்கொண்டிருந்ததாம். இன்னும் ஓர் இரவு தள்ளியிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்துவிட்டு முடிக்கவில்லை என்றாள் முப்பிடாதி போனில். அழுகிறாள். நடுவில் மூக்கைச் சிந்துகிறாள். வாயை நேராகப் போனுக்குக் கொடுத்துப் பேசும்படி சொன்னேன்.

பூக்காரி வந்தாள். இனிமேல் இந்த வாசலில் பூவை மட்டும் விற்கும்படி சொல்லியனுப்பினேன்.

மே 13, சனி

குழந்தை அப்படியே இருக்கிறது. எனக்குத் தூக்கமில்லை. கொசு.

மே 15, திங்கள்

வைகாசி முதல் தேதி. சுடலைக்கண்ணு துணி எடுக்க வந்தான். உயிரோடுதான் இருக்கிறான். முகத்தில் தாடி. குழந்தை இன்று பால் உறிஞ்சியதாகச் சொல்லிவிட்டு, பேச்சை நிறுத்தி, பிய்ந்து கிடந்த தாழ்ப்பாளைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

"நாளைக்கே புதுசு வாங்கி மாட்டிருதேன் ஆச்சி."

அளவு பார்த்துத்தான் வாங்க வேண்டும், கண்டதை வாங்கி மாட்டிவிடக் கூடாது, அவசரம் ஒன்றுமில்லை என்றேன்.

மே 22, திங்கள்

வெள்ளிச் சாமான்களைப் பழைய இடத்தில் வைத்தேன்.

ஜூன் 4, ஞாயிறு

நேற்றுக் குழந்தையோடு வந்துவிட்டார்கள். இன்று காலையிலிருந்து எங்கள் தெருவில் உள்ள அத்தனை பேரும் பார்க்க வந்தார்கள். என் அறையில் உட்கார்ந்தபடியே எல்லாம் கேட்டது. வாசலில் ஒவ்வொருவர் செருப்பைக் கழற்றும்போதும், "ஏட்டி, அந்த மையை எடு" என்று முப்பிடாதியின் குரல். ஆட்கள் போனதும் துடைத்துவிடுவாள் போலிருக்கிறது. அடுத்தவர் வந்ததும் மறுபடி "மையை எடு." பூக்காரிக்கு நெற்றியில் ஒன்று, கன்னத்தில் ஒன்று, உள்ளங்காலில் ஒன்று என்று மூன்று வைத்ததாகக் கேட்டது.

நான் போகவில்லை. கூப்பிடாத இடத்துக்குப் போகிற வழக்கம் எனக்கு இல்லை.

சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவும்போது நடுக்கதவு திறந்தது. தட்டாமலேயே திறந்தாள். முப்பிடாதிதான். கையில் ஒரு வேட்டித் துண்டுப் பொட்டலம். பின்னால் சுவரைப் பிடித்தபடி உலகேஸ்வரி.

"கையை நீட்டுங்க அக்கா."

ஈரக் கை என்று சொன்னேன். துடைக்கச் சொன்னாள். துடைத்தேன். குழந்தையை என் கையில் வைத்துவிட்டுத் தன் சேலை முந்தியைச் சரிசெய்துகொண்டாள். எடையே இல்லை. ஆனால் விரலைப் பிடித்துக்கொண்டது. அப்பனுடைய பிடி.

முகத்தைப் பார்த்தேன். கன்னம் சுத்தமாக இருந்தது. நெற்றி சுத்தமாக இருந்தது. துண்டை விலக்கி உள்ளங்காலையும் பார்த்தேன்.

"பொட்டு வைக்கவில்லையே" என்றேன்.

முப்பிடாதி என் அலமாரியில் இருந்த வெள்ளிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இங்க வாரதுக்கு எதுக்குக்கா?" என்றாள்.

மறந்துவிட்டுச் சமாளிக்கிறாள் என்று நினைக்கிறேன். எதிலும் நேர்த்தி கிடையாது. மாலையிலும் கொண்டுவந்தாள். அப்போதும் மறந்திருந்தாள்.